மாப்பிள்ளை சொல்லி அனுப்பியது

திருக்காட்டுப்பள்ளி
5-7-1970

என் அருமைத் தங்கச்சி பூவம்மாளுக்கு, அண்ணன் இராஜாங்கம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். அம்சவல்லிக்குக் காது அடியோடு போகவில்லை, நெஞ்சில் காது மெஷின் மாட்டிப் பழக்கினால் கேட்கும், பேசும் என்று பட்டணத்து டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இதை நான் அவள் தொட்டிலில் கிடக்கும்போதே சொன்னேன். அந்த டாக்டர் எத்தனை வருஷம் படித்தாரோ, நான் எட்டாங்கிளாஸ் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்றுத் திருச்சி ஜெயிலுக்குப் போய் உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சூப்பிரண்டு எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். காப்பி வந்தது. "குத்தகை நிலத்தில் மாப்பிள்ளை தான் நட்ட நெல்லைத் தானே அறுத்ததற்கு ஒரு வருஷம் தண்டனையா?" என்று கேட்டேன். அவருக்கே கண் கலங்கிவிட்டது. மந்திரி இந்தப் பக்கம் வந்தபோது அத்தனை கூட்டத்திலும் என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டார் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளை சௌக்கியம். "பிள்ளைக்குப் பேச்சு வரும்வரை பூவு அங்கேயே இருக்கட்டும், என்னைப் பார்க்க வரவேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். நீ ஜெயிலுக்கு நேராகக் காகிதம் போடாதே. பிரித்துப் படிப்பார்கள், அப்பீல் கெட்டுப்போகும். எனக்கு எழுது, நான் வாயால் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன், இந்த ஊருக்கே யோசனை சொல்லும்
இராஜாங்கம்

சென்னை
2-8-1970

அன்புள்ள அண்ணனுக்கு, பூவம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே காது கேளாதார் பள்ளிக்கூடத்தில் பிள்ளையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும். வள்ளியம்மை டீச்சர் அம்சாவுக்குப் பின்னால் நின்று டமாரம் தட்டுவார். சத்தம் கேட்டால் அவள் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். பன்னிரண்டு நாள் கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பதிமூன்றாம் நாள் போட்டாள். நான் அழுதுவிட்டேன். "என்னம்மா நீங்க, பிள்ளை பயந்துக்கும், கையைத் தட்டுங்க" என்று டீச்சர் அதட்டினார்.

முதல் நாள் அவர் கேட்டார், "வீட்டுல இவளோட என்ன பேசுவீங்க?" என்று. "காது கேக்காத பிள்ளைகிட்ட என்னத்தங்க பேசறது?" என்றேன். அவர் அம்சாவைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. நாலு வருஷம் அவளிடம் நான் வாயே திறந்ததில்லை, அண்ணே. இப்போது சோறு வடித்தால் "சோறு வடிக்கிறேன்", தலை வாரினால் "தலை வாருறேன்" என்று நாளெல்லாம் பேசுகிறேன். உதட்டைப் பார்த்துத் தப்பிக்காமல் காதால் கேட்கவேண்டும் என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசச் சொல்கிறார்கள். பக்கத்து அறை மங்களாம்பிகை, "பல்லு வலியாடி உனக்கு?" என்று கிண்டல் செய்கிறாள்.

வீட்டில் அவள் அப்பா மட்டும்தான் அவளிடம் பேசுவார். தோளில் வைத்துக்கொண்டு மாட்டை அதட்டும்போது இவள் அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இங்கே யார் தூக்கினாலும் முதலில் தொண்டையைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு கையை எடுத்துவிடுகிறாள்.

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேனே, கோபமா என்று அவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா?

தங்கை
பூவம்மாள்

திருக்காட்டுப்பள்ளி
20-8-1970

தங்கச்சிக்கு,

கோபமாவது ஒன்றாவது! நீ கேட்டதைச் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் வார்டர்கள் ஓடிவந்துவிட்டார்கள். "அவ வந்தா படிப்பு பாழாயிடும், வரவேண்டாம்" என்று மறுபடியும் அழுத்திச் சொன்னார்.

உங்கள் டீச்சர் முறை சரிதான். மூஸா பாயின் செவிட்டு ஆட்டுக்கு நானும் டமாரம் தட்டிப் பழக்கினேன். இப்போது பேர் சொன்னால் திரும்புகிறது. டீச்சரிடம் சொல், சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதலாம்.

அண்ணன்
இராஜாங்கம்

சென்னை
22-11-1970

அண்ணனுக்கு,

அம்சா பேசிவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். வெளியே அவள் எதையும் பார்க்கவில்லை, அண்ணே. தலையைத் தூக்கினாள். கூரையைக் காட்டினாள். "மயே" என்றாள். நான் தண்ணீர்க் கையோடு அப்படியே நின்றேன். திரும்பவும், "மயே".

உடனே போய் அவரிடம் சொல்லுங்கள். முகம் எப்படி ஆனது, என்ன சொன்னார் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். நீங்கள் ஒன்றும் சேர்க்கவேண்டாம். பேச்சு வரும்வரை இருக்கச் சொன்னார், இருந்துவிட்டேன். இப்போது வரலாமா என்று கேளுங்கள். ராத்திரி முழுக்க அவர் என்ன சொல்வார் என்றே நினைத்துக் கிடந்தேன்.

பூவம்மாள்

திருக்காட்டுப்பள்ளி
1-12-1970

பூவு,

நேற்றுத் திருச்சிக்குப் போனேன். நாற்காலி இல்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "அஞ்சு நிமிஷந்தான்யா" என்றான் வார்டர்.

மாப்பிள்ளை இளைத்திருக்கிறார். தாடி நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

"யாரும் சாகலை. பிள்ளை பேசிருச்சு, மழைன்னு சொல்லிருச்சு" என்றேன்.

"எந்தப் பிள்ளை?"

மறுபடியும் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பேசினார். "பூவு என்னை விட்டுட்டுப் பட்டணம் போயிட்டான்னு, பார்க்க வந்த நம்ம ஊரு நல்லக்கண்ணு சொன்னான். ஆறு மாசமா ஒரு காகிதம் இல்லை. போனவ போகட்டும்னு இருந்தேன்."

"வரலாமான்னு கேக்குறா" என்றேன். அவர் வாய் திறக்குமுன் நேரம் முடிந்தது என்று கூட்டிப்போய்விட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அப்பீல் என்று ஒன்று கிடையாது. இன்றைக்கே அவருக்கு நேராக எழுது. விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

இந்த அஞ்சு மாசமும் ஜெயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினவன் நான். உள்ளே போக வேண்டுமானால் பேரைச் சொல்லவேண்டும். அறுப்பு அன்றைக்கு அவர் பக்கத்தில் அரிவாளோடு நின்றேன். போலீஸ் வேனைக் கண்டதும் வரப்பில் விழுந்து ஓடினவனும் நான்தான். வாசலில் பேர் கேட்டார்கள், எனக்கு வாய் வரவில்லை. நீ பாதியில் கிளம்பினால் பிள்ளை படிப்பு போய்விடும் என்றும் பயந்தேன். அதுவும் நிஜம்தான்.

பேச்சு வரும்வரை உன்னை அங்கேயே இருக்கச் சொன்னது மாப்பிள்ளை இல்லை. அது நானாகச் சேர்த்தது.

இராஜாங்கம்