ஒன்பதாம் கூடத்தில் வசிப்பவர்

நாள் 611. காலை 08:10

நிலவின் தென் துருவம், ஒன்பதாம் கூடம். எழுதுவது வடிவாம்பிகை, தொகுப்பு இயந்திரக் காப்பாளர். வெப்பம் 21 டிகிரி. இயந்திரம் சீராக ஓடுகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். பூமியிலுள்ள பிளாக்செயின், அதாவது யாரும் அழிக்க முடியாத பொது ஏடு, மெதுவானது. அதனால் அதன்மேல் இரண்டாம் அடுக்கு ஒன்றை இங்கே ஓட்டுகிறோம். அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்பில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் போடும் வாக்குகளை என் இயந்திரம் மூட்டை கட்டிப் பூமிக்கு அனுப்பும். தினமும் அங்கே காற்று வால்வுகள் திறப்பதும் இந்த இயந்திரம் விடும் ஆணையால்தான். புதிய தீர்மானம் எதுவானாலும் ஆட்சேபிக்க ஏழு நாள் அவகாசம் உண்டு. அது கழிந்த பிறகே செல்லும்.

ஒவ்வொரு வாக்குக்கும் மூன்று நிமிட வெந்நீர் பரிசு. ஆகவே மகாஜனங்கள் வாக்களிக்கும் வேலையை ஒரு நிரலிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்கள். எது வந்தாலும் அது 'ஆம்' என்று சொல்லும். நான் இதுவரை ஒரு வாக்கும் போட்டதில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் மானத்தோடு குளிக்கிறேன்.

நாள் 612. காலை 09:30

நேற்று நிறைவேறிய தீர்மானத்தை இன்றுதான் பார்த்தேன். முப்பது நாள் வாக்கு வராத கூடத்தில் வசிப்பவர் இல்லை என்று கருதி மின்சாரத்தைத் துண்டிக்கலாமாம். ஏகமனதாக நிறைவேற்றம். அப்படி ஒரே ஒரு கூடம்தான் இருக்கிறது. என்னுடையது. பட்டியல் நேற்றோடு பூட்டப்பட்டுவிட்டது, இனி வாக்களித்தாலும் மாறாது. துண்டிப்பு 618 காலை ஒன்பதுக்கு.

தங்கள் வாக்குகளை எண்ணும் இயந்திரத்தின் மின்சாரத்தையே நிறுத்த வாக்களித்திருக்கிறார்கள். இவர்களுக்குச் சுயாட்சி ஒரு கேடு. அதை மூட்டை கட்டி அனுப்பியது நான்தான். நானும் படிக்கவில்லை.

நாள் 613. பகல் 11:05

எபநேசரை ரேடியோவில் பிடித்தேன். முந்நூற்று நாற்பது பேரின் வாக்குரிமையை வைத்திருக்கும் பிரதிநிதி. ஆட்சேபணை போடச் சொன்னேன். அதற்குப் பிணை கட்ட வேண்டும். பிணைக்கு, வாக்களித்துச் சேர்க்கும் டோக்கன் வேண்டும். வாக்களிக்காத என்னிடம் டோக்கன் ஏது?

"அக்கா, ஆட்சேபணை போட்டா வாக்கு ஏட்டை வச்சுத்தான் நிரூபிக்கணும். ஏட்டுல நீங்க இல்லியே. தோத்துட்டா என் பிணை மொத்தமும் போயிடும். பாப்பாவுக்கு நாலு மாசம்தான் ஆகுது, அவ தண்ணி ரேஷனே அதுலதான் வருது."

என் குரல் காதில் விழவில்லையா என்று கேட்டேன். குரல் சான்றாகாதாம். வண்டி அனுப்பச் சொன்னேன். வண்டிப் பூட்டைத் திறக்கவும் தீர்மானம் வேண்டும், அதற்கும் ஏழு நாள். கண்டபடி திட்டிவிட்டு வைத்தேன்.

நாள் 615. காலை 10:20

எபநேசர் வேறு வழி கண்டுபிடித்தார். மின்சாரத்தை மீண்டும் தரப் புதிய தீர்மானம். இதற்குப் பிணை வேண்டாம். நான்கு நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. என் வாழ்நாளின் முதல் வாக்கும் அதில் உண்டு. பலர் வாழ்த்து அனுப்பினார்கள். ஒருவரும் தேதியைப் பார்க்கவில்லை. துண்டிப்பு 618. மீட்பு 622.

ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறார். வசிப்பவர் தினமும் வாக்களித்தால்தான் மின்சாரம் வரும். எதற்கு என்று கேட்டேன்.

"அப்படிப் போட்டாத்தான்க்கா யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்க."

படிக்கவே ஆளில்லாத ஊரில் ஆட்சேபணைக்குப் பயப்படுகிறார்.

நாள் 618. காலை 09:40

சொன்ன நேரத்துக்குத் துண்டித்துவிட்டார்கள். இதில் மட்டும் தாமதமே கிடையாது.

பேட்டரியை ஹீட்டருக்குக் கொடுத்தால் 622 வரை உயிரோடு இருப்பேன். இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது ஐந்து நாள் ஓடும். இரண்டுக்கும் சேர்த்துக் காணாது. இயந்திரம் நின்றால் அங்கே வால்வுகள் திறக்காது. அவர்களிடம் இரண்டு நாள் காற்றுதான் இருப்பு.

எபநேசரிடம் சொன்னேன். அழுதார். நான் எதிர்பார்க்கவில்லை.

"ஹீட்டரப் போட்டுக்கங்கக்கா. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கிறோம்."

எப்படிச் சமாளிப்பீர்கள், வாக்கெடுப்பு நடத்தியா? பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. ஹீட்டரை அணைத்தேன். உங்கள் மேல் உள்ள பாசத்தால் அல்ல, இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளை இன்னும் எதற்கும் 'ஆம்' சொல்லவில்லை.

நாள் 619. காலை 07:15

வெப்பம் கழித்தல் 31 டிகிரி. விண்வெளி உடையின் சூடும் தீர்ந்துவிட்டது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

நிபந்தனை நினைவுக்கு வந்தது. நான் வாக்களிப்பதை நிறுத்தினால் 622இல் மின்சாரம் வராது. பேட்டரி தீர்ந்ததும் இயந்திரம் நிற்கும், அவர்களும் போய்ச் சேர்வார்கள். அதனால் அந்தக் கேடுகெட்ட நிரலை என் பெயரிலும் ஓடவிட்டிருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு மஞ்சள் வண்ணம் பூச 'ஆம்' சொல்லிவிட்டது. ஏட்டில் பார்த்தேன். ஒன்பதாம் கூடம், வசிப்பவர் ஒருவர்.

நாள் 619. நேரம் தெரிய

எபநேசர் 622 மின்சாரம் வந்ததும் எல்லாரும் நிம்மதியாகி விடுவீர்கள் அக்கா நன்றாக இருக்கிறாள் என்று

வா. ஏட்டைப் பார்த்து இருந்துவிடாதே தினமும் வாக்களிப்பேன் நான் வருஷக்கணக்கில் வாக்களிப்பேன் நம்பாதே ஆள் வந்து கதவைத் திறந்து