காலையில் காலியாகப் போகும் வண்டி

11 நவம்பர் 2024, திங்கள்

மழை. மேட்டுப்பாளையம் ரோடு வழக்கம்போல அடைத்துக்கொண்டது. புதூர் வண்டி வந்து சேரும்போது முதல் பீரியட் பாதி முடிந்துவிட்டது. யூகேஜி பிள்ளைகளை ஆயா ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினார். தேஜஸ்ரீ இன்றும் தூக்கம்தான். அந்தக் குழந்தை விழித்திருந்து நான் பார்த்ததே குறைவு.

பதினொரு மணிக்கு டிரஸ்ட் கூட்டம். நம் பக்கத்திலேயே நீச்சல் குளத்தோடு ஒரு பெரிய பள்ளி வந்துவிட்டது, எல்கேஜி அட்மிஷன் விழுந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று பேச்சு. தாளாளர் சென்னகிருஷ்ணன் அட்மிஷன் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் மகன் யஷ்வந்த் லேப்டாப்பில் வரைபடம் காட்டினான். துடியலூர் நடுவில், சுற்றிலும் வட்டம், வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம்.

"நம்ம ரீச்சை அதிகப்படுத்தோணுங்க சார். நாலு வண்டி புதுசா எடுத்தா அன்னூரு, புளியம்பட்டி, சத்தியமங்கலம் வரைக்கும் போயிரலாமுங்க."

முதல்வர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆறு வருஷமாக நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

13 நவம்பர்

சத்தியமங்கலத்துக்கு அடுத்தது மைசூர்தானே. அதையும் கேட்டிருக்கலாம்.

19 நவம்பர், செவ்வாய்

பள்ளி முடியும் நேரம். ஒன்பதாம் வகுப்பு ஆதர்ஷ் ஒரு கணக்கோடு என் அறை வாசலில் நின்றான். நான் கணக்கு வாத்தியார், அது இன்னும் மறந்துவிடவில்லை. நோட்டை வாங்கி இரண்டு வரி எழுதியிருப்பேன். வெளியே ஹார்ன் அடித்தது. "வண்டி கெளம்புதுங்க சார்" என்று நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான்.

அதற்கப்புறம் வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மணி எப்போது அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? வண்டி. கடைசி பீரியடில் விளையாட்டு வைக்க முடியாது, வியர்வையோடு வண்டி ஏறினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். ஆண்டு விழாவே நாலு மணிக்குள் முடிந்தாக வேண்டும். என் அறைக்கு வெளியே என் பெயர்ப் பலகை இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடத்தை நடத்துவது புதூர் வண்டி.

துணை முதல்வர் பிரீத்திகாவிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே சார்" என்றாள்.

28 நவம்பர், வியாழன்

இன்று புதூர் வண்டியில் நானே போய் வந்தேன். விடிவதற்கு முன் பள்ளியிலிருந்து கிளம்பினோம். அத்தனை இருக்கையும் காலி. டிரைவர், ஆயா, நான். ரங்கநாயக்கன்புதூர் என்பது காரமடையைத் தாண்டி மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில். அங்கே திரும்பி நின்றதும் தேஜஸ்ரீயை அவள் அம்மா ஏற்றிவிட்டார். காரமடை வருவதற்குள் தூங்கிவிட்டாள். கையில் பாதி இட்லி. பெரியநாயக்கன்பாளையத்தில் நெரிசல். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. ஆயா மணலைத் தூவிவிட்டு அடுத்த குழந்தையின் தலையை நிமிர்த்தி வைத்தார். தினமும் செய்கிற வேலை என்பது அந்தக் கையில் தெரிந்தது.

எனக்கு அழுகைதான் வந்தது, ஆயா பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

துடியலூர் வந்தபோது எங்கள் காம்பவுண்டை ஒட்டிய அபார்ட்மெண்ட் வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் அந்த நீச்சல் குளப் பள்ளியின் வண்டிக்காக நின்றார்கள். சாயங்காலம் அவர்களில் ஒரு பையனின் தாயிடம் எங்கள் பள்ளி ஏன் வேண்டாம் என்று கேட்டேன், ஆஃப்ரின் என்று பெயர். "உங்க ஸ்கூல்ல மூணரைக்கே எல்லாரும் ஓடறாங்களே சார். கராத்தே கிடையாது, டான்ஸ் கிடையாது. நான் ஆபீஸ் விட்டு வரவே ஆறாகுதுங்க."

வாசலில் இருப்பவரை விட்டுவிட்டு வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

9 டிசம்பர், திங்கள்

தாளாளரிடம் தனியாகப் பேசினேன். நாலு வண்டி வேண்டாம். அடுத்த வருஷத்திலிருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்கு அந்தப் பக்கம் சின்னக் குழந்தைகளை எடுக்க வேண்டாம். பெரிய பிள்ளைகள் மட்டும் என்றால் சாயங்காலம் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம், அதுவரை பள்ளி உயிரோடு இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்மிடம் வருவார்கள். நன்றாகத்தான் பேசினேன். முதலில் புதூர் வண்டியில் ஆரம்பிக்கலாம் என்று முடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"புதூரு எங்க ஊருங்க சார்."

கையிலிருந்த கணக்குத் தாளை மடித்தேன்.

"மொதல் வண்டியே அந்த ஊருக்குத்தானுங்க உட்டேன். எங்க பங்காளிக புள்ளைகளெல்லாம் அதுலதான் வருது. இனிமேலு உங்க சின்னப் புள்ளைகளுக்கு வண்டி இல்லீங்கன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயிச் சொல்றதுங்க?"

ஆறு வருஷம். அவருடைய சர்க்கரை அளவு தெரியும், மில் இருக்கும் இடம் தெரியும். ஊர் தெரியாது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமே முதலில் எந்த ஊருங்க என்றுதான் கேட்போம். அவரிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

10 டிசம்பர்

என் மனைவி விமலாவிடம் சொன்னேன். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போனா ஊரைத்தானே மொதல்ல விசாரிப்பீங்க" என்றாள். நர்ஸ் வேலை பார்ப்பவள், ஊசியை யோசிக்காமல் போட்டுவிடுவாள்.

6 ஜனவரி 2025, திங்கள்

குளிக்கும்போது தோன்றியது. வண்டி காலையில் புதூருக்குக் காலியாகத்தானே போகிறது? அதில் ஆசிரியைகளை ஏற்றி அனுப்பினால் என்ன? பிள்ளைகளைத் தூக்கி வருவதற்குப் பதில் பள்ளிக்கூடம் அங்கே போகட்டும். எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை புதூரிலேயே. மூன்றாம் வகுப்பிலிருந்து இங்கே. ஊருக்கு ஒன்று இல்லாமல் போகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஊருக்கு ஒரு பள்ளிக்கூடமே கிடைக்கிறது. தாளாளருக்கு அங்கே ஒரு கிடங்கு சும்மா கிடக்கிறதாம், காங்கிரீட் கூரை போட்டது. விசாரித்துவிட்டேன். இந்த முறை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன்.

20 ஜனவரி, திங்கள்

டிரஸ்ட் கூட்டம். நான் பேசப் பேச தாளாளர் முகம் மலர்ந்தது. அனுமதி வாங்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக யஷ்வந்த் சொன்னான். எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது, மறைப்பானேன்.

அதுவரை வாய் திறக்காத தாளாளரின் மனைவி ராமாமணி அம்மா கேட்டார்: "யோசனை நெம்ப நல்லா இருக்குதுங்க சார். போறது யாருங்க?"

இரண்டு இளம் ஆசிரியைகளின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளைக போவும், நீங்க சொன்னா. ஆனா புது எடம். ஊர்க்காரங்க நம்போணும்னா மூஞ்சி தெரிஞ்ச ஆளு வேணுமுங்க. கூட நீங்களும் ஒரு வருசம் போயிருங்க. இங்க பிரீத்திகா பாத்துக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யஷ்வந்த் மட்டும் லேப்டாப்பைப் பார்த்தான். நான் "நன்றிங்க" என்றேன். எதற்கு நன்றி?

அதே நாள், சாப்பிட்ட பின்

முப்பது வருஷ சர்வீஸ். ஆயிரத்து முந்நூறு பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்தோட பிரின்சிபால். என்னைக் கொண்டுபோய் எல்கேஜிக்கு வாத்தியாரா உக்கார வைக்கிறாங்க. இதுக்கு நானே வழி வேற சொல்லிக் குடுத்திருக்கேன். போறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா வாயைத் திறந்திருப்பேனா?

யோசித்தேனா? யோசித்தேன். யாராவது போவார்கள் என்று யோசித்தேன்.

24 ஜனவரி, வெள்ளி

நீச்சல் குளப் பள்ளியிலிருந்து போன். அங்கே முதல்வர் பதவி காலியாகிறதாம். என்னைப் புதூருக்கு அனுப்புவது எப்படித்தான் இவர்களுக்குக் காற்று வாக்கில் எட்டியதோ. வந்து பேசுகிறேன் என்றேன்.

5 பிப்ரவரி, புதன்

போய்ப் பேசினேன். அறை முழுக்க ஏசி, காபிகூடக் குளிர்ந்துவிட்டது. மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பாடம், ஆசிரியர் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உங்களை நம்பி எத்தனை பேரன்ட்ஸ் இங்க வருவாங்க சார்?" என்றுதான் முதல் கேள்வி. சுவரில் வண்டிப் பாதை வரைபடம் இருந்தது. எங்களுடையதைவிடப் பெரிய வட்டம். காரமடைக்கு மேற்கே ஒரு சிவப்புப் புள்ளி. இது எந்த ஊர் என்றேன். "ரங்கநாயக்கன்புதூர். ஜூன்ல ஸ்டார்ட் பண்றோம். மத்தவங்களுக்கு முன்னாடி நம்ம வண்டி போகணும், அஞ்சே முக்காலுக்கு முதல் பிக்கப்."

அந்தப் பிள்ளைகளை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுப்பப் போகிறார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்புவது நானாக இருக்கும்.

வரவில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் அவசரப்பட்டுவிட்டோமோ என்றும் இருந்தது. வீட்டுக்கு வந்து விமலாவிடம் சொன்னபோதுதான் மனது அடங்கியது. அவள் தோசை வார்த்துக் கொடுத்தாள்.

6 பிப்ரவரி

புதூருக்குப் போகிறேன் என்று தாளாளரிடம் சொன்னேன். எழுந்து நின்று கும்பிட்டார். அதற்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது.

14 மார்ச், வெள்ளி

காரமடைத் தேர்த் திருவிழா முடிந்த கையோடு தாளாளரும் நானும் புதூர் போனோம். கிடங்கு முன்னால் ஊர்க்கூட்டம். எல்லோரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தேஜஸ்ரீயின் அம்மா எழுந்தார்.

"ஏனுங்க சார், வண்டி வந்து ஊட்டு வாசல்ல நின்னு ஹார்ன் அடிச்சா அது ஒரு கௌரவமுங்க. எம் பொண்ணு நடந்து போனா, காசு கட்டமாட்டாம நிறுத்திப்போட்டாங்கன்னு நெனைக்கமாட்டாங்களா? அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துக்காரங்க வண்டி அனுப்பறேங்கறாங்க."

நான் குழந்தையின் தூக்கம், மூளை வளர்ச்சி என்று ஏதேதோ பேசினேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. தாளாளர்தான், "ஒரு வருசம் பாரு அம்மணி. புடிக்கலீன்னா நானே ஏத்தி உடறேன்" என்று சமாளித்தார்.

கௌரவம் என்பது என் கணக்கில் எங்குமே இல்லாமல் போனதே. எனக்கு மட்டும் அது இல்லையா? முதல்வர் நாற்காலிக்காக இரண்டு வாரத்துக்கு மேல் புழுங்கியவன்தானே நான்.

9 ஜூன், திங்கள்

புதூரில் முதல் நாள். இருபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், நான். அரைவாசி அழுதது. தேஜஸ்ரீ ஒன்றாம் வகுப்பு. அவள் அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டு, "வண்டி எப்ப உடுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். தினமும் கேட்பார் போலிருக்கிறது.

12 ஜூன்

கேட்கிறார்.

6 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் தூங்கிவிட்டேன். பிரசங்கம் முடிவதற்குள் விமலா இரண்டு முறை இடித்தாள். வீட்டிலும் சாப்பிட்டுக் கை கழுவும் முன்பே கண் சொருகுகிறது. விடியுமுன் வண்டி ஏறி, சாயங்காலம் பெரிய பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்து, இருட்டிய பின் வந்து சேருகிறேன். ஐம்பத்தாறு வயது ஆம்பளைக்கே உடம்பு விட்டுப்போகிறது. அந்தக் குழந்தைகள் எப்படித்தான் தாங்கினார்களோ.

18 ஜூலை, வெள்ளி

பிரீத்திகா போன் செய்தாள். துடியலூரில் இப்போது வண்டிகள் நாலரைக்குத்தான் கிளம்புகின்றன. கராத்தே, டான்ஸ், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆறு மணி வரை விளையாட்டு. அபார்ட்மெண்ட் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஆஃப்ரின் பையனும். பிறகு கொஞ்சம் தயங்கி, "சார், உங்க திங்கக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்க நிறுத்திட்டேனுங்க. யாருக்கும் உபயோகமில்லாம இருந்துதுங்க" என்றாள்.

சுருக்கென்றது. நல்லதுங்க என்றேன். ராத்திரி யோசித்தால் அவள் சொன்னது உண்மைதான்.

20 ஜூலை

விமலா திடீரென்று, "புதூர்லயே ஒரு வீடு பார்த்தா என்ன? எனக்குக் காரமடை ஆஸ்பத்திரியிலயும் வேலை கிடைக்கும்" என்றாள். ஒரு வருஷத்துக்குத்தானே என்றேன். "அப்படின்னு நீங்கதான் சொல்லிட்டிருக்கீங்க."

4 ஆகஸ்ட், திங்கள்

நேற்று சாமான் வந்து இறங்கியது. வாடகை வீடு, பள்ளியிலிருந்து இரண்டு தெரு.

இன்று காலை எட்டரைக்கு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, தேய்த்த சட்டையோடு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். இந்த ஊரில் சட்டை கசங்காமல் பள்ளிக்குப் போவது இதுதான் முதல் தடவை. தேஜஸ்ரீயின் அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நடந்தேதான் போறீங்களா சார்?"

ஆமாங்க என்றேன். உள்ளே போனார். வண்டிக் கேள்வி வரப்போகிறது என்று நின்றேன். பையும் தண்ணீர் பாட்டிலும் தேஜஸ்ரீயுமாகத் திரும்பி வந்தார்.

"அப்பொ இவளையும் கூட்டிட்டுப் போயிருங்க. அடுப்புல வேலை கெடக்குது."

அடுத்த வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டார். அதற்கடுத்த வீட்டுக்காரரும். பள்ளி வாசலுக்குப் போய்ச் சேரும்போது என்னோடு பதினோரு பிள்ளைகள், என் இரண்டு தோளிலும் பைகள், குடை யார் கையில் என்றே தெரியவில்லை. தேஜஸ்ரீ வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். கோழி, சித்தி, பாம்பு, மறுபடி கோழி. கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ கண்ணு என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

நாளைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்ப வேண்டும். மூன்றாம் வீட்டு அம்மா தன் பையனை ரெடியாக வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.