புகாரில் இருந்த இங்கிலீஷ் சொல்

கிளைச் சிறை,
19.8.2024

அன்புள்ள மோனிஷாவுக்கு,

உன் புருஷன், உன் பாவா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் அம்மாவும் சாப்பிடுகிறீர்களா? தறியில் பாதியில் நிற்கும் லுங்கியைப் பக்கத்துத் தறிப் பங்காருவை விட்டு முடிக்கச் சொல். சும்மா நின்றால் நூல் கெட்டுவிடும்.

பதினோரு நாளாகிறது. நீ ஒரு தடவைகூடப் பார்க்க வரவில்லை. அம்மா வந்தபோது கேட்டேன். "அவ கடைக்குப் போய்கினு இருக்காடா" என்றாள். அந்த ஜெரால்டின் கையை ஒடித்ததற்காக நான் உள்ளே கிடக்கிறேன். நீ அவன் கடைக்கே போய் மனு தட்டச்சு செய்கிறாய். இங்கே யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எத்தனை மணி பஸ்ஸில் திரும்புகிறாய்? திருத்தணியில் ஏறும்போது உட்கார இடம் கிடைக்கிறதா, இல்லை பஸ் ஸ்டாண்ட் வரை யாராவது வந்து சீட்டுப் பிடித்துக் கொடுக்கிறார்களா? அந்த மஞ்சள் சுடிதாரைக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகாதே.

வக்கீல் பக்தவச்சலம் வந்தார். "போனை எடுத்துகினு போனான்னு மட்டும் எழுதியிருந்தா நீ எப்பவோ வெளிய வந்திருப்பே. புகார்ல ஒரு இங்கிலீஷ் வார்த்தை குந்திகினு இருக்குது, ராப்னு. அதான் உன்னை விட மாட்டேங்குது" என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அடிச்சிப் புடுங்கறது" என்றார்.

நான் கொள்ளைக்காரனா? அவன் போன் எனக்கு எதற்கு? தினம் காலை ஆறு மணிக்கு அவன் உனக்கு ஒற்றை வார்த்தை அனுப்புவான். நீ பல்கூட விளக்காமல் ஒரு வரி பதில் அனுப்பிவிட்டுத் தானாகச் சிரிப்பாய். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்ற தைரியம்தானே? மீதி என்ன இருக்கிறது என்று அவன் போனில் பார்க்கத்தான் போனேன். பார்த்துவிட்டுக் கொடுத்திருப்பேன்.

அவன் வேண்டுமென்றே அந்த வார்த்தையைப் போட்டிருக்கிறான். நான் உள்ளே இருந்தால் யாருக்கு வசதி? நீ போய்ச் சொல். வார்த்தை தவறாக விழுந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

உன் பாவா,
எழிலன்


12, நெசவாளர் தெரு,
பொதட்டூர்பேட்டை,
24.8.2024

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மஞ்சள் சுடிதார் வரியை மட்டும் விட்டுவிட்டேன். பங்காரு லுங்கியை முடித்துவிட்டார். அத்தைக்கு முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தைலமும் இரண்டு லுங்கியும் அத்தை வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நான் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. அதனால் போகிறேன். ஏழரை மணி பஸ்ஸில் போய் ஆறு மணி பஸ்ஸில் திரும்புகிறேன். சீட்டு எனக்கு யாரும் பிடிப்பதில்லை. ஜெரால்ட் சாருக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. நீங்கள் தள்ளிப் படியில் விழுந்ததில் எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது. வலது கை. தட்டச்சு செய்ய முடியாது. அதனால் கடையை நான்தான் திறக்கிறேன். மதியம் அவர் மனைவி பெர்சிஸ் அக்கா மூன்று பேருக்கும் சாப்பாடு கொண்டுவந்து உடன் இருக்கிறார். இதையும் எழுதிவிடுகிறேன், கேட்பீர்கள்.

அந்த ஒற்றை வார்த்தைகளைப் பற்றி முன்பே சொன்னேன். உங்கள் காதில் ஏறவில்லை. எனக்கு இங்கிலீஷ் வரவேண்டும் என்று சார் தினம் ஒரு சொல் அனுப்புவார். அதை வைத்து நான் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சரியாக இருந்தால் கட்டைவிரல் படம் வரும். அதற்குத்தான் சிரித்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்னை யாரும் சரி என்று சொன்னதில்லை.

ராப் என்ற சொல்லும் அப்படி ஒரு காலையில் வந்ததுதான். ஆளுக்குத் தெரியாமல் எடுத்தால் ஸ்டீல். ஆள் எதிரே நிற்கும்போது அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் ராப். அவ்வளவுதான்.

கடையில் அந்தச் சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. சார் லாஸ்ட் என்று ஒரு மனுவைத் தயாராக வைத்திருக்கிறார். தொலைந்துவிட்டது என்று அர்த்தம். பெயரையும் பொருளையும் மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. இந்த ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு அம்மா வந்தார். மணியம்மை என்று பெயர். கழுத்தைச் சுற்றி ரத்தக் கோடு. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். "புடிச்சி இழுத்தான்மா, நான் உடல, கீழ தள்ளிட்டான்" என்று அவர் சொல்லச் சொல்ல, கூட வந்த வீட்டுக்காரர், "தொலைஞ்சி போச்சின்னு போடும்மா, கேஸு கீஸுன்னு எவன் அலையறது" என்றார். லாஸ்ட் என்று அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

சாரிடம் உங்கள் விஷயத்தைக் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மோனிஷா


கிளைச் சிறை,
31.8.2024

மோனிஷாவுக்கு,

கடைச் சாவி உன் இடுப்பில். மூன்று பேருக்கும் சாப்பாடு. நன்றாக இருக்கிறது குடும்பம்.

சார், சார், சார். எண்ணினேன். ஒரு கடிதத்தில் நான்கு சார். பாவா என்று ஒரு தடவை எழுதியிருக்கிறாய், அதுவும் மேலே. நானும் உன்னை எத்தனையோ தடவை சரி என்று சொல்லியிருக்கிறேன். குழம்பு சரி என்று சொன்னதில்லையா?

அன்று போனோடு கனகம்மாசத்திரம் வரை போனேன். அங்கே டீக்கடைக்காரரிடம் படிக்கச் சொன்னேன். "குடை, இரவல், ரிப்பேர்னு போட்டுக்கீது. இன்னாய்யா இது, கடைக் கணக்கா?" என்றார். குடை என்றால் மழை நாளில் வா என்று அர்த்தமா? இரவல் என்றால் யார் யாருக்கு இரவல்? சொல். இங்கே வேறு வேலை இல்லை, இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் அடுத்ததைப் படிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

பக்கத்தில் யோபு என்று ஒருவர் இருக்கிறார். கப்பலில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் படிப்பார். வக்கீல் கொடுத்த புகார் நகலை அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் படித்துவிட்டு, "ஒரு தப்பு கூட இல்லப்பா. நீ அவன் கட்டைவிரலைப் புடிச்சி முறுக்கி, போன் மேல வச்சி அழுத்தித் தொறந்தேன்னு அப்படியே போட்டுக்குது. எழுதின ஆளு இந்த வலியப் பட்ட ஆளுதான்" என்றார். பட்டான்தான். படட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை ஜாமீன் மனு. நீ கோர்ட்டுக்கு வந்து, கடையில் வேலை செய்பவள் என்ற முறையில், அந்த வார்த்தை தவறாக விழுந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் சொல்லிவிட்டார். அவனிடம் நீ போய்க் கேட்கவே வேண்டாம். கேட்கிற சாக்கில் இன்னொரு மணி நேரம் பேசுவாய்.

நீ வராவிட்டால், அவனுக்காகத்தான் வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன். வெளியே வந்து பேசிக்கொள்கிறேன்.

எழிலன்


திருத்தணி,
7.9.2024

எழிலனுக்கு,

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. ஜாமீன் கிடைக்கவில்லை என்று அத்தை சொல்லி அழுதார். அவர் அழுததற்கு வருத்தப்படுகிறேன்.

புகாரை எழுதியது ஜெரால்ட் சார் இல்லை. நான்.

அன்று சார் நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்தார். "போனை எடுத்துகினு போயிட்டாருன்னு மட்டும் அடிம்மா. உன் வீட்டுக்காரரு. நாளைக்கு நீ அந்த வீட்டுல இருக்கணும்" என்றார். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். லாஸ்ட் மனு திறந்தே இருந்தது. பெயரை மாற்றினால் போதும். மணியம்மையின் பெயர் இன்னும் அதில் இருந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். ராப் என்று அடித்தேன். யாரையும் கேட்காமல் நானே அடித்த முதல் சொல் அது. சார் படித்துப் பார்த்தார். இடது கையால் கையெழுத்துப் போட்டார். "கரெக்டா இருக்குது" என்றார்.

யோபு நன்றாகப் படித்திருக்கிறார். அந்த வலியைப் பட்ட ஆள்தான் எழுதியது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் எத்தனை தடவை என் கையை முறுக்கி, என் கட்டைவிரலைப் போன் மேல் வைத்து அழுத்தியிருக்கிறீர்கள்? சாருக்கு என்ன நடந்தது என்று எழுத நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு போனைச் சுவரில் அடித்தீர்கள். தேர்வுக்கு முதல் நாள் ஹால் டிக்கெட்டைக் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தீர்கள். தெருவில் கேட்டவர்களிடம், "எங்கியோ தொலைச்சிட்டேன்" என்று நான்தான் சொன்னேன். கடையில் சேருவதற்கு முன்பே எனக்கு லாஸ்ட் மனு எழுதத் தெரிந்திருந்தது.

நீங்கள் இதையெல்லாம் பாசம் என்றீர்கள். பொறாமை வந்தால் பாசம் என்று அர்த்தம் என்று அத்தையும் சொன்னார். எனக்கும் முதல் வருடம் அது பெருமையாகக்கூட இருந்தது. என் புருஷன் என்னை எவ்வளவு கவனிக்கிறான் என்று நினைத்தேன்.

குடை என்றால் குடைதான். என் வாக்கியத்தையும் கேளுங்கள்: என் குடை பழையது, ஆனால் மழை அதற்குத் தெரியாது. அதற்குத்தான் அன்று சிரித்தேன். நீங்கள் கேட்டிருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

சார் வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். பெர்சிஸ் அக்கா கூடாது என்கிறார். அது அவர்கள் இஷ்டம். அவர் கேட்டால் அந்தக் காகிதத்தையும் நான்தான் அடிப்பேன். நீங்கள் வெளியே வருவீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தச் சொல் தவறு என்று மட்டும் எழுத மாட்டேன். நடந்ததைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதினேன்.

உங்கள் இரண்டு லுங்கியையும் தைலத்தையும் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டேன். இருக்கும் இடத்தின் விலாசத்தை மேலே எழுதவில்லை. மறந்துபோய் அல்ல.

புதுப் போன் வாங்கியிருக்கிறேன். இதில் விரல் வைத்துத் திறக்கும் வசதியை நான் போடவில்லை. நான்கு எண்களை அழுத்தினால்தான் திறக்கும். அந்த நான்கும் எனக்கு மட்டும் தெரியும்.

மோனிஷா