நோயாளியிடம் சொல்லவும்

ஐப்பசி 20, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடை மறதி. வேலை முடிந்ததும் கன்னத்து உள்புண்ணை வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் காட்டினேன். வெற்றிலை அடக்கும் பக்கம். மூன்று மாதமாக ஆறவில்லை. விரல் விட்டுப் பார்த்தார். கை கழுவிக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார். புற்று. பாதித் தாடையை எடுக்க வேண்டும். அடுத்த திங்கள். தள்ளிப்போட்டால் ஒரு வருஷம் தாங்காது.

பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரித் துபாஷி. டாக்டர் துரை சொல்வதைத் தமிழில் சொல்கிற உத்தியோகம். பழக்க தோஷம், அவர் வாயை மூடியதும் நோயாளி பெஞ்சுப் பக்கம் திரும்பி, "சின்னக் கட்டிதாங்க. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். பெஞ்சில் யாரும் இல்லை. ஆனால் பலகை முனகியது, ஆள் உட்கார்ந்தால் முனகுமே, அப்படி.

புற்று என்ற சொல்லை இதுவரை ஒரு நோயாளியிடமும் நான் சொன்னதில்லை. எல்லாருக்கும் கட்டிதான். அவர்கள் நன்மைக்கு என்று நினைத்திருந்தேன்.

21, செவ்வாய்

நல்ல வெயில். வழக்கம்போல் வேலை. கூட்டம். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர். நிறைமாதக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரம்மா என்றேன்.

"அங்கதான் ஆளு இருக்காங்களே, ஐயா."

எந்த ஆள் என்று கேட்கத் தைரியம் இல்லை.

திங்களுக்குள்: 1. சவரம். 2. ஊருக்குக் கடிதம். 3. கூரை ஒழுகல். 4. தனத்திடம் சொல்வது. பெண்டாட்டியிடம் பேச வேண்டியதைச் சீட்டில் குறித்து வைக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

23, வியாழன்

மறுபடி மழை. எருமைத் தொழுவத்து நாற்றம் அடுப்படி வரை. தனம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆரம்பித்தேன்.

"அந்தப் புண்ணு இருக்கே..."

"ம், துரை என்ன சொன்னாரு?"

"சின்னக் கட்டிதான். திங்கக்கிழமை எடுத்துடுவாங்க. பயப்படாதே."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு நெனச்சேன்."

தானாக வந்துவிட்டது. அதுவும் வீட்டுக் குரல் இல்லை, ஆஸ்பத்திரிக் குரல். வீட்டில் நான் கத்துகிறவன். தனம் கத்தியை வைத்துவிட்டு, வேறு யாரோ பேசியது போல வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

பயமாக இருக்கிறது. சாவதை விட, பேச்சு போவது. அறுத்த பிறகு சொல்ல நினைத்தாலும் முடியாது. மூன்று நாள் பேச்சுதான் மிச்சம். அதிலும் இந்தப் பொய்.

25, சனி

சிராங்கூன் ரோட்டில் புது மின்சார டிராம். பக்கத்து இருக்கை காலி. டிக்கெட்காரன் மலாயில், "டுவா ஓராங்?" என்று இரண்டு விரல் காட்டினான். ஒருவர்தான் என்றேன். பக்கத்து இருக்கையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கூட வருவது யார் என்று எனக்குத் தெரியும். சேதி சொல்லப்படாத நோயாளி.

சவரம் ஆயிற்று. கடிதம் இல்லை. கூரை இல்லை.

26, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. கூட தனம். சாயங்காலம் துரை வந்தார். உன் மனைவியிடம் விவரம் சொல்ல வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வேறு துபாஷி கிடையாது. நீயே சொல் என்றார்.

கட்டிலை விட்டு இறங்கி, அவருக்கு இடப்பக்கம், வழக்கமான இடத்தில் நின்றேன். நோயாளிச் சட்டையோடு. அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம்.

"உங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது புற்றும்மா."

"நாளைக்கு அவரோட தாடையில பாதியை எடுக்கணும்."

"பிழைக்கிறது பாதிக்குப் பாதி. பிழைச்சாலும் அவருக்குப் பழையபடி பேச்சு வராது."

ஒரு சொல் குறைக்கவில்லை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

தனம் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்நிய மனிதரிடம் பேசுவது போல, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டாள்:

"இது அவருக்குத் தெரியுமாங்க?"

துரையிடம் அதை இங்கிலீஷில் கேட்டேன். பதிலுக்குக் காத்து நின்றேன்.