கடைசிக் கேள்விக்கு லோர்னா எழுதிய பதில்

லிங்கன், நெப்ராஸ்கா
பிப்ரவரி 12

அன்புள்ள எம்மெட் அண்ணனுக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"வக்கீல் பரீட்சைன்னா என்னடி, ஸ்பெல்லிங் போட்டியா?" என்று கேட்டாயே, கேட்டுக்கொள். ஜூலைக் கடைசியில் இரண்டு நாள். முதல் நாள் ஆறு கட்டுரை. அதோடு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து "இந்தக் கட்சிக்காரருக்கு மனு எழுது" என்பார்கள், அப்படி இரண்டு. மறுநாள் இருநூறு கேள்வி, நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். நானூறுக்கு இருநூற்றெழுபது வந்தால் தேறலாம். அதற்கெல்லாம் பயமில்லை.

பயம் விண்ணப்பத்தில்தான். பத்து வருஷம் குடியிருந்த வீடு, பார்த்த வேலை, கட்டிய அபராதம் எல்லாம் கேட்கிறார்கள். கடைசியில், இதுவரை கேட்காத எதையாவது உன் நேர்மையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று ஒரு கேள்வி.

அண்ணா, அன்று சித்தி மகள் ரூத் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது குடித்துவிட்டு வண்டியை வேலியில் மோதியது நான். ஷெரிப் வருவதற்குள் நீ என்னைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாய். நீயும் குடித்திருந்தாய், உன் லாரி ஓட்டும் உரிமமும் வேலையும் போயின. எனக்குப் பத்தொன்பது வயது, வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதட்டுமா?

உன் தங்கை
லோர்னா

ஸ்காட்ஸ்பிளஃப்
பிப்ரவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? பதினாலு வருஷம் ஆச்சு. அந்த வேலிகூட இப்போது இல்லை. கேட்காததற்கு எவளாவது பதில் சொல்வாளா? சர்க்கரை ஆலையில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. எழுதாதே. எழுதினால் என் முகத்தில் முழிக்காதே. ஒழுங்காகச் சாப்பிட்டுப் படி.

எம்மெட்

லிங்கன்
மார்ச் 1

அன்புள்ள அண்ணா,

எழுதிவிட்டேன். நேற்று அனுப்பியும் விட்டேன். தவறு செய்தவர்களை வக்கீல் சங்கத்தார் சேர்த்துக்கொள்வதுண்டு, மறைத்தவர்களைத்தான் மன்னிப்பதில்லை என்று பேராசிரியர் சொன்னார். அதற்காக மட்டும் எழுதவில்லை. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை எங்கேயாவது ஒப்புக்கொள்ள வேண்டும் போலிருந்தது. விசாரிக்க உன்னைக் கூப்பிடுவார்கள். நடந்ததை அப்படியே சொல். திட்டியாவது ஒரு வரி எழுது.

லோர்னா

லிங்கன்
செப்டம்பர் 18

அண்ணா,

ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பரீட்சையில் இருநூற்று எண்பத்தொன்று வாங்கித் தேறிவிட்டேன். ஆனால் வக்கீல் உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். சங்கத்திலிருந்து போனில் விசாரித்த அம்மாளிடம் "நான்தாங்க ஓட்டினேன், அவ பின்னாடி தூங்கிட்டிருந்தா" என்றாயாமே! நான் ஒன்று எழுத, நீ ஒன்று சொல்ல, இரண்டில் எது பொய் என்று அக்டோபர் 10 காலை ஒன்பது மணிக்கு விசாரணை. நீ வந்து சொன்னால்தான் உண்டு. என் மார்ச் கடிதத்தைப் படித்தாயா, இல்லையா?

லோர்னா

ஸ்காட்ஸ்பிளஃப்
செப்டம்பர் 25

லோர்னா,

படிக்கவில்லை. மறுபடியும் கெஞ்சியிருப்பாய் என்று கோபத்தில் பிரிக்காமலே மேஜை டிராயரில் போட்டேன். நீ என் பேச்சைக் கேட்டு எழுதாமல் விட்டிருப்பாய் என்றே நினைத்தேன். அந்த அம்மாள் கேட்டதும் வாய் தானாகப் பழைய கதையைச் சொல்லிவிட்டது. இன்றைக்குத்தான் பிரித்தேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். நான் படிக்கவில்லை, கல்யாணமும் நிலைக்கவில்லை. எவனாவது "நீ என்னத்தைக் கிழிச்சே?" என்று கேட்டால், தங்கச்சிக்காக ஒன்று செய்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் பொய் என்று முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் நானே சொல்லணும் என்கிறாய். ரொம்ப வலிக்கிறதடி.

சொல்கிறேன். ஆலையில் இரண்டு நாள் லீவு வாங்கிவிட்டேன். நானூறு மைல், முந்தின நாளே கிளம்பிவிடுவேன். அது முடிந்த பிறகு கொஞ்ச நாள் என்னைக் கூப்பிடாதே. உன்மேல் கோபம் இல்லை. இனி என்னை என்னவென்று நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

எந்தக் கட்டடம், எந்த வாசல் என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்
எம்மெட்