அம்மா பேச்சில் இன்னொரு ஆள்

மார்ச் 4, திங்கள்

கம்ப்யூட்டருக்கு எங்கள் ஹக்கா மொழி கற்றுக்கொடுக்க எடுத்த அம்மாவின் ஒலிப்பதிவை, சரிபார்க்கிற இயந்திரம் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரே ஆள் பேசியது என்று குறித்துக் கொடுத்தேன். அது இரண்டு பேர் என்கிறது. ஒருவர் சிஷியன் உச்சரிப்பு, இன்னொருவர் ஹைலு. ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் ஃபானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்கம்மா சமையலறையில யாரையோ ஒளிச்சு வச்சிருக்காங்கக்கா" என்றான். அப்பா போனதிலிருந்து அம்மா தனியாகத்தானே இருக்கிறாள்? உருப்படாத இயந்திரம்.

மார்ச் 6, புதன்

எதை எழுத உட்கார்ந்தாலும் அப்பா ஞாபகம்தான். எங்கள் ஹக்கா மொழியில் இந்த இரண்டு உச்சரிப்பும் எதிரும் புதிரும். அம்மா மேலே ஏற்றுகிற சொல்லை அப்பா கீழே இறக்குவார். எங்கள் ஜூடோங் ஊரே ஹைலு பேசும். தௌஃபெனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா மட்டும் கடைசிவரை தன் சிஷியனை விடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் குரல் உச்சிக்குப் போகும். அப்பா அதே சொற்களை அடித்தொண்டையில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருவார். "காது கிழியுது" என்பார். "நீங்க பேசுனா காலிப் பானைய உருட்டுற மாதிரி இருக்கு" என்பாள் அம்மா. தினமும் இதே சண்டை. நானும் தங்கையும் சிரித்துச் சிரித்துப் புரையேறப் புரையேறச் சாப்பிடுவோம். அந்தச் சாப்பாட்டு மேசைக்கு மனசு எப்படி ஏங்குகிறது இப்போது!

மார்ச் 8, வெள்ளி

ஓர் ஆளுக்கு ஓர் உச்சரிப்பு. கலந்து பேசினால் அந்த ஆளின் பதிவு முழுவதும் நீக்கம். ஆய்வகக் கூட்டத்தில் நானும் கை தூக்கி ஆதரித்த விதிதான். அம்மாவோ, தன்னிடம்தான் கம்ப்யூட்டர் சிஷியன் படிக்கப்போகிறது என்று சந்தையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறாள். நீக்கிவிட்டோம் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

மார்ச் 11, திங்கள்

முழுப் பதிவையும் கேட்டேன். காய்கறி விலை, தங்கை மகனின் படிப்பு, விடாத மழை — எல்லாம் சுத்தமான சிஷியன். நடுவில் நான் போன் பேச வெளியே போயிருக்கிறேன். மைக் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தட்டு வைக்கிற சத்தம். அப்புறம் அம்மா, "சாப்பிட வாங்க" — உச்சியில். கொஞ்சம் இடைவெளி. மறுபடி "சாப்பிட வாங்க" — அடித்தொண்டையில். ஹைலு. அப்படியே அப்பா.

ஐயோ அம்மா. இத்தனை நாளும் இப்படியா?

மார்ச் 12, செவ்வாய்

அந்த வரிகளை மட்டும் வெட்டிவிட்டால் மிச்சம் தேறிவிடும் என்கிறான் ஃபான். நியாயம்தான். கை வரமாட்டேன் என்கிறது. அம்மாவிடமே கேட்டுவிடுவோம்.

மார்ச் 16, சனி

அப்பா கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, எங்கள் வழக்கப்படி மேலே மஞ்சள் தாள் வைத்துக் கும்பிட்டோம். இறங்கி வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெட்கப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அவரு மைக்கப் பாத்தாலே தோட்டத்துக்கு ஓடிருவாரு. அவரு குரல் எதுலயும் பதிவாகல. நானும் அவரு மாதிரி பேசலேன்னா அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துரும், ஆ-யுன்."

பஸ் வந்ததும் ஏறுவதற்கு முன்னால் சொன்னாள்: "வெட்டித்தான் ஆகணும்னா என்னோடத வெட்டு. அவரோடது இருக்கட்டும்."

வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

மார்ச் 18, திங்கள்

எதையும் வெட்டவில்லை. பதிவை ஆய்வகத்திலிருந்து முழுசாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஃபான் இந்தமுறை கிண்டல் செய்யவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

எங்கள் வீட்டுப் பேச்சு கம்ப்யூட்டர் மண்டையில் ஏறவில்லையாம் — சந்தையில் இப்போது இதுதான் அம்மாவின் பெருமை.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள், தணிந்த குரலில், ஹைலுவில். என்ன தோன்றியதோ, அதே சொற்களை அவளுடைய சிஷியனில், உச்சிக்கு ஏற்றித் திருப்பிச் சொன்னேன்.

கரண்டிச் சத்தம் நின்றது.

"காது கிழியுது" என்றாள், அடித்தொண்டையில்.