கூரை மேல் சக்கர நாற்காலி

ஒக்டோபர் 4, சனி

காலையில் நல்ல வெயில். மத்தியானம் இருட்டிக்கொண்டு மழை. காயப்போட்ட துணி பாதி நனைந்துவிட்டது.

திருகோணமலையிலிருந்து நிர்மலா போன் எடுத்தாள். என் வீட்டுக்காரர் அருளின் ஒரே தங்கை. பதினொரு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு 19ஆம் திகதி ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் அண்ணாதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

"வேற ஆளைப் பாரு நிர்மலா," என்றார் அருள்.

"வேற ஆள் எதுக்கு? நீங்க வராட்டி நாள் தள்ளிப்போடுறேன். எத்தனை மாசம் வேணும்னு சொல்லுங்க."

போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வருடமாகக் கிளினிக்கைத் தவிர எங்கும் போனதில்லை. மரக்கறி லொறி ஓட்டிய மனுசன். நாவுலையில் லோட்டின் மேல் ஏறிப் படங்குத் தார்ப்பாய் கட்டும்போது, மழை ஈரத்தில் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதற்குப் பிறகுதான் நான் கார் ஓட்டப் பழகினேன்.

"ஏங்க மாட்டேன்னு சொல்றீங்க?"

"வீல் செயாரை எங்க வைப்ப?"

கிளினிக்கில் ஆஸ்பத்திரி நாற்காலி இருக்கும், எடுத்துப்போகத் தேவையில்லை. திருகோணமலைக்கு அப்படிப் போக முடியாது. காரைப் போய்ப் பார்த்தேன்.

டிக்கி: டொய்லட் கதிரை வைத்தால் நிறைந்துவிடும்.
முன் சீட்: நன்றாகச் சாய்த்து அவருக்கு.
பின் சீட்: மகள் ஷாலினி, உடுப்புப் பை, காற்று மெத்தை.
வீல் செயார்: இடமே இல்லை.

கூரைதான்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

ஒபீஸ் விட்டுக் கார் சாமான் கடை. கேரியரில் மூன்று வகை. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. சிப் வைத்த பெரிய பை. திறந்த இரும்புக் கூடை.

கடைக்காரர் வெளியே வந்து கூரையைத் தடவிப் பார்த்தார். "மிஸ், ஒங்க காருக்கு மேல ரெயில் கம்பி இல்லையே. குறுக்கால ரெண்டு சட்டம் போட்டுத்தான் எதையும் வைக்கணும். கதவு விளிம்புல கொக்கி மாட்டி இறுக்கலாம். என்ன ஏத்தப் போறீங்க?"

சொன்னேன். கடைக்குள் போனார். பிறகு அளவு நாடா எடுத்துவந்தார். நல்ல மனிதர்.

மடித்த நாற்காலி சின்னப் பெட்டிக்குள் போகாது. பெரிய பெட்டியை வைத்தால் டிக்கிக் கதவு முழுதாகத் திறக்காது, தட்டும். பையை நாற்காலிப் பிடிகள் கிழித்துவிடும். மிச்சம் கூடை. கார்ப் புத்தகத்தில் கூரைக்குச் சொன்ன பாரத்துக்குள் அடங்கும், அதையும் பார்த்தோம்.

வீட்டில் சொன்னேன். அருளுக்குப் பெட்டிதான் வேண்டும்.

"மூடி இருக்கிறதாப் பாரு. மேல வச்சு ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டுப் போகணுமா?"

"பெட்டியில போகாதுங்க. கூடையில வச்சு மேல படங்கு போட்டு மூடிர்றேன்."

"ஒண்ணும் தெரியக்கூடாது."

"தெரியாது."

வெகுநேரம் கழித்து: "சட்டத்தை இறுக்கினா பத்தாது. நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொருக்கா இறுக்கணும்."

அப்படியென்றால் வருகிறார்! கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசை விட்டு வந்து சமையல். பருப்பு, பீன்ஸ், கருவாட்டுப் பொரியல். ஷாலினிக்குக் கணக்கில் குறைந்த புள்ளி, முகம் தொங்கிக் கிடக்கிறது.

பின்னேரம் கயிற்றுப் பாடம். கட்டில் கம்பியில் அவர் கட்டிக் காட்டுவார், நான் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். ஒரு கண்ணி போட்டு, நுனியைச் சட்டத்தைச் சுற்றி எடுத்து, கண்ணிக்குள் கொடுத்துக் கீழே இழுக்கவேண்டும். கப்பி மாதிரி இறுகிவிடும்.

"இழுத்துப் பாரு. அசையுதா?"

"இல்ல."

"அசையுது. இன்னொருக்கா."

ஏழாவது தடவை சரியென்றார். கயிறு உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டது. கையைப் பிடித்துப் பார்த்தார். விடவில்லை. அந்தக் கையாலேயே அடுத்த முடிச்சையும் காட்டினார். இவ்வளவு பேசி ஒரு வருடத்துக்கு மேல்.

ஒக்டோபர் 16, வியாழன்

கேரியர் பூட்டியாயிற்று. ஒத்திகை. அவர் நாற்காலியில் வாசலில் இருக்க, அதற்குப் பதில் கூரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் அரிசி மூட்டையும். ஷாலினியும் நானும் தூக்கி வைத்தோம். கார் உயரம் குறைவுதான், இருந்தாலும் நடுவில் எட்டவில்லை. கதவுப் படியில் கால் வைத்து ஏறினேன்.

"ஏறாதே! எறங்கு!" என்று ஒரு சத்தம். அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

"எட்டலைங்க."

"அந்தப் பக்கமா போய்க் கட்டு. தரையில நின்னு கட்டு."

எனக்குக் கோபம். ஆசையாய்ச் செய்கிறேன், தெருவுக்கே கேட்கக் கத்துகிறார் என்று. சுற்றிப்போய்க் கட்டினேன்.

டவுன் வரை ஓட்டிப் பார்த்தேன். மேலே இறுக்கிய நாடாப் பட்டி காற்றில் 'ஊ' என்று ஊதுகிறது. வந்து சொன்னதும், "ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டு, சத்தம் போயிடும்." போய்விட்டது.

நாளை: மாத்திரை, பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, மெழுகுதிரி, டயர் காற்று.

ஒக்டோபர் 18, சனி. திருகோணமலை

நீளமான நாள். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஆறரைக்குப் புறப்பட்டோம். பலகை போட்டு அவரைச் சீட்டுக்கு மாற்றினோம். நாற்காலியைப் படங்கில் சுற்றிக் கூடையில் வைத்து, நான்கு கட்டு, இரண்டு பட்டி. உள்ளே இருப்பவருக்கு மேலே நடப்பது தெரியாது. காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலந்தா தாண்டியதும் மழை. காலையில் மழை வரும் என்று யார் கண்டது? காற்றும் சேர்ந்தது. மேலே படபடவென்று அடிக்கத் தொடங்கியது.

"முன் பக்கம், இடது மூலை. படங்கு கிழியுது. நாவுலையில நிப்பாட்டு."

நாவுலை பஸ் நிலையம் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். அவர் சொன்ன மூலைதான். ஓரத்திலிருந்து பாதிவரை கிழிந்து தொங்குகிறது. நாற்காலியின் ஒரு சக்கரம் முழுதாக வெளியே. கட்டுகள் அசையவில்லை. படங்கை மட்டும் இழுத்துச் செருகினால் போதும், ஆனால் எட்டவில்லை. அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, படியில் ஒரு கால் வைத்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கி.

"ஏறாதே ரெஜினா."

"சும்மா ஒரு நிமிசம்தாங்க. நனையுது."

"நனையட்டும். ஈரம். வழுக்கும். எறங்கு."

 முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு வாசலில் கத்தியதும் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. மண்டூகம் நான். அதே ஊர், அதே மழை, அதே படங்கு. என்னை மேலே ஏறவிட்டுக் கீழே இருந்து பார்க்கவேண்டுமென்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

இறங்கினேன்.

"படங்கை அவுத்து எறிஞ்சிடு. அப்படியே போவோம்."

"எல்லாருக்கும் தெரியுமேங்க."

"தெரியட்டும். நீ கீழ நில்லு, அது போதும்."

தரையில் நின்றபடி இழுத்து எடுத்துவிட்டேன். நாற்காலி மழையில் பளபளவென்று. வண்டியில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. மூடவேண்டுமென்று நினைத்தது அவர் மட்டும்தானா? நானும்தான். இங்கே எழுதிவைக்கிறேன்.

ஷாலினி பின்னாலிருந்து துவாயை நீட்டினாள். தலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் குடையில்லாமல் ஓடிவந்தார். சுனில். அருளோடு ஒரே லொறியில் மாறி மாறி ஓடியவர். விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் இவர்தான். வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும், தூங்குகிறார் என்று கேற்றிலேயே அனுப்பினேன். அருள் சொல்லித்தான். ஆனாலும் சொன்ன வாய் என்னுடையது.

"மச்சான்! மேல கதிரையைப் பார்த்துத்தான் வந்தேன். நீயா இருக்கும்னு மனசு சொல்லிச்சு."

 அருள் கண்ணாடியை முழுதாக இறக்கினார். மழை உள்ளே அடித்தது. சுனில் ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் அழுதார்கள் என்று நினைக்கிறேன். நான் வீதிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சுனில் மேலே கயிற்றைத் தட்டிப் பார்த்தார். "இது ஒன்ட கட்டுத்தானே மச்சான்?"

"என்ட மிஸிஸ் கட்டினது."

அந்தக் குரலை எங்கே எழுதிவைப்பது.

மூன்று பிளேன்டீ, ஷாலினிக்குப் பணிஸ், எல்லாம் காருக்கே வந்தது. சட்டத்தைச் சுனில் இன்னொருமுறை இறுக்கித் தந்தார். தம்புள்ளைக்குப் பிறகு வெயில். கந்தளாயில் ஒரு மரநிழலில் அரைமணி நேரம் சீட்டைச் சாய்த்து, புரண்டு படுக்க வைத்தோம். நாற்காலி அதற்குள் காய்ந்துவிட்டது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வேர்க்கிறது. கடற்காற்று வருகிறது, ஆனாலும் வேர்க்கிறது.

கோயிலுக்கு மூன்று படி. நிர்மலாவின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கினார்கள். அருள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் சரியாகிவிட்டது.

ஞானஸ்நானத் தொட்டி உயரம். ஃபாதர் பார்த்தார், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே வந்து, குனிந்து, அருளின் மடியிலேயே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினார். பிள்ளை வீரிட்டு அழுதது. அருளின் கை அசையவில்லை. மெழுகுதிரியை ஷாலினி பிடித்தாள்.

வெளியே வந்ததும் ஷாலினி காதுக்குள், "அம்மா, பாபா டடாட மடியில மூத்திரம் பெஞ்சிருச்சு. டடாவுக்குத் தெரியல." எப்படிச் சொல்வதென்று நான் முழிக்க, அவரே கையை வைத்துப் பார்த்துவிட்டார்.

ஒரு நொடி. பிறகு சிரிப்பு. "நிர்மலா, ஒன்ட மகன் ஞானத்தகப்பனுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டான்!"

எல்லாரும் சிரித்தோம். நிர்மலா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி லீவு. எங்கேயோ வெடிச்சத்தம். பத்து மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம்.

கூடையில் ஏற்றியது: தேங்காய் ஒரு சின்ன உரப்பை, கருவாட்டுப் பொதி (மணம் உள்ளே வராமல் மேலே), பாய் ஒன்று. எல்லாம் கட்டியாயிற்று. நடுவில் நாற்காலிக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை ஏற்றினால் புறப்படலாம்.

மணி பதினொன்றரை. நாற்காலி இன்னும் மாமரத்தடியில். அவர் அதில். பிள்ளை அவர் நெஞ்சில் தூங்குகிறது. நான் கிட்டப் போனால் வாயில் விரலை வைக்கிறார்.